ரெனுவாரின் ‘சிறுமி இரேன்’: முகம் மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?

கேள்வி: எழுதியவர் கித்தான்முனை

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1880ஆம் ஆண்டில் பாரிஸில் தீட்டிய, இரேன் காஹென் தான்வேர் என்ற 8 வயதுச் சிறுமியின் உருவப்படத்தைப் பற்றி நெடுநாளாக எனக்கு ஓர் ஐயம் இருந்து வருகிறது. ஓவியம் பழகுகிறவர்களும் ஓவிய வரலாறு படித்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

படத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தோட்டத்து இலைகளின் கரும்பச்சைக்கு முன்னால் சிறுமி பக்கவாட்டில் திரும்பி அமர்ந்திருக்கிறாள். செம்பொன் நிறக் கூந்தல் தோளைத் தாண்டி முதுகு நெடுக வழிகிறது. தலையில் நீல நாடா, வெளிர்நீலம் ஊடாடும் வெள்ளை உடை, மடியில் சேர்த்து வைத்த கைகள். இலைகள் வெறும் தீற்றல்களே. எந்தச் செடி என்று யாராலும் சொல்ல முடியாது. உடையும் அப்படித்தான். ஆனால் முகத்துக்கு வந்தவுடன் தூரிகை போன சுவடே தெரிவதில்லை. புருவம், இமை, உதடு எல்லாம் பளிங்கில் இழைத்ததுபோல அமைந்திருக்கின்றன.

கடந்த மூன்று மாதங்களாக, இரவில் வீட்டு வேலைகள் முடிந்தபின் சமையலறை மேசையில் அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு இதை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்க முயன்று வருகிறேன். கூந்தல் ஓரளவு வந்துவிட்டது, இலைகளும் வந்துவிட்டன. முகம்தான் வரவில்லை. மற்ற இடங்களைப்போல முகத்தையும் தனித்தனித் தீற்றல்களால் கட்டினால் குழந்தைக்கு ஒரே நாளில் 40 வயது ஏறிவிடுகிறது. சரி, குழைத்துத் தேய்த்து வழவழப்பாக்கலாம் என்றால் அது காலண்டர் படமாகிவிடுகிறது. நான்கு முறை சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

முன்பு நான் சென்ற ஓர் ஓவிய வகுப்பில் இந்தப் படத்தை எடுத்துச் சென்று காட்டியபோது, “இது இம்ப்ரெஷனிசமே அல்ல, பணக்கார வீட்டாருக்காக ரெனுவார் இறங்கிவந்து செய்த வேலை, இதை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். (கண நேர ஒளியையும் நிறத்தையும் தனித்தனித் தீற்றல்களால் பிடிக்க முயன்ற, ரெனுவார் காலத்து ஓவியப் பாணிதான் இம்ப்ரெஷனிசம்.) அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. இறங்கிவந்து செய்த வேலை என்றால், அந்தப் பெண்ணின் கண்களை விட்டு என்னால் ஏன் பார்வையை எடுக்க முடியவில்லை? முகத்தை வேறு முறையிலும் மற்றதை வேறு முறையிலும் அவர் தீட்டியது பெற்றோரை நிறைவுசெய்யத்தானா, அல்லது அதற்கு ஓவியம் சார்ந்த காரணம் உண்டா? விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

---

மறுமொழி 1: எழுதியவர் ஆளிவிதை

வணக்கம் அம்மா. பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும், அதே முகத்தோடு நான் மல்லுக்கட்டிய காலம் நினைவுக்கு வந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூலப்படம் 65 செ.மீ. உயரமும் 54 செ.மீ. அகலமும் கொண்டது. அதைப் பாதிக்கும் குறைவாகச் சுருக்கி அச்சிட்டால், இலைகளில் உள்ள பெரிய தீற்றல்கள் தீற்றல்களாகவே நிற்கும். முகத்தில் உள்ள மெல்லிய தீற்றல்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். எனவே நீங்கள் காணும் வழவழப்பில் ஒரு பங்கு அச்சினால் வந்தது. மீதிப் பங்கு ரெனுவாருடையதுதான், அதை மறுப்பதற்கில்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய இளமையைப் பார்க்க வேண்டும். 1841இல் லிமோஜ் நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தபின், 13 வயதில் பீங்கானில் பூக்களும் உருவங்களும் தீட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளராக அனுப்பப்பட்டார். பீங்கானின் வழுக்கலான வெண்மைமேல் வண்ணத்தை மெல்லியதாகத்தான் இழுக்க முடியும். கனமாக அப்பினால் சூளையில் பாழாகிவிடும். ஒளிக்காகத் தனியாக வெள்ளை வண்ணம் வைக்க வேண்டியதில்லை, அடியில் இருக்கும் வெண்மையே வண்ணத்தின் ஊடாக மேலே வந்து ஒளிரும். கையில் அந்த வயதில் ஏறிய பழக்கம் பிற்காலத்தில் கித்தானுக்கும் வந்துவிட்டது. வெளிர்நிற அடிப்பூச்சின்மேல் நீர்த்த வண்ணத்தை மென்மயிர்த் தூரிகையால் படரவிட்டு, அது காய்வதற்குள் அடுத்த நிறத்தை அதற்குள்ளேயே சேர்ப்பது அவருடைய வழக்கம். இரேனின் கன்னத்தில் நீங்கள் காணும் ஒளி இப்படி அடியிலிருந்து எழும் ஒளி. மேலே வெள்ளையைத் தேய்த்து அதைப் பெற முயன்றால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். உங்களுக்குக் காலண்டர் படம் கிடைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் குழந்தையின் முகமே. வயது வந்தவரின் முகத்தில் கன்ன எலும்பு, தாடையின் மடிப்பு, கண்ணுக்குக் கீழே பள்ளம் என்று ஒளி திசைமாறும் தளங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தீற்றல் வைத்தால் முகம் தானாக எழும்பி வந்துவிடும். 8 வயதுக் குழந்தையின் முகத்தில் அந்தத் தளங்கள் இன்னும் உருவாகவில்லை. நெற்றியிலிருந்து கன்னம்வரை ஒரே வளைவுதான். அங்கே நீங்கள் நிறம் மாற்றித் தனித்தீற்றல் ஒன்று வைத்தால், இல்லாத ஓர் எலும்பை வரைந்தவராகிறீர்கள். குழந்தைக்கு 40 வயது ஏறியது அதனால்தான்.

மூன்றாவது, இடம். இந்தப் படத்துக்காக இரேன் பாரிஸில் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்தாள். இரண்டே அமர்வுகள் என்று சொல்லப்படுகிறது. தோட்டத்து நிழலில் வெயில் நேராக விழுவதில்லை, வானத்தின் ஒளி எல்லாப் பக்கமும் பரவி வருகிறது. மூக்கின் ஓரத்தில் கறுத்த நிழல் விழாது, மோவாயின் அடியிலும் இருட்டு சேராது. அச்சுப்படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். கண்ணையும் புருவத்தையும் விட்டுவிட்டால், முகத்துக்குள் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக நிழலான இடத்துக்கும் உள்ள தூரம் மிகச் சிறியது. அதே சமயம் முகத்துக்கும் பின்னாலுள்ள கரும்பச்சைக்கும் இடையிலான தூரமோ மிகப் பெரியது. வெளியில் பெரிய வேறுபாட்டையும் உள்ளே சின்னஞ்சிறு வேறுபாட்டையும் வைத்தால்தான் அந்த முகம் விளக்கைப்போல நிற்கும். பெரும்பாலோர் முகத்துக்குள் நிழலை ஆழமாக்கிக்கொண்டே போகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

நிழலின் நிறத்தையும் கவனியுங்கள். பழைய முறையில் பயின்ற ஓவியர் அங்கே பழுப்பை வைத்திருப்பார். ரெனுவார் வைத்திருப்பதோ நீலம் தோய்ந்த சாம்பல். நிழல் என்பது ஒளி இல்லாத இடமன்று, வேறு நிறத்து ஒளி வந்து விழும் இடம் என்று அவருடைய ஓவிய நண்பர் மோனேயும் ரெனுவாரும் 1869இல் சேன் ஆற்றங்கரையில் அருகருகே நின்று தீட்டிக் கண்டுகொண்ட பாடம் அது. அந்த நிழல் இருக்கும்வரை இது இம்ப்ரெஷனிசப் படமே என்பது என் உறுதியான கருத்து. வழவழப்பைப் பார்த்துவிட்டு இதை அந்த மரபிலிருந்து தள்ளிவைப்பது, சுருதியைக் கேட்காமல் பாடகரின் உடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போன்றது.

பெற்றோரை நிறைவுசெய்யத்தானா என்று கேட்டீர்கள். ஓரளவு ஆம். நடுவர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பாரிஸில் நடத்திய அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில், 1879ஆம் ஆண்டு, திருமதி சார்பான்தியே தம் இரு குழந்தைகளோடும் பெரிய கருப்பு வெள்ளை நாயோடும் அமர்ந்திருக்கும் படம் ரெனுவாருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. அந்த ஆண்டும், அடுத்த இரு ஆண்டுகளும் அவர் தம் நண்பர்களின் இம்ப்ரெஷனிசக் கண்காட்சிகளில் பங்கெடுக்கவில்லை. உருவப்படங்கள் அவருக்குச் சோறு போட்டன. இரேனின் தந்தை லூயி காஹென் தான்வேர் பெரிய வங்கியாளர். குடும்ப நண்பரும் கலைச் சேகரிப்பாளருமான சார்ல் எஃப்ரூசியின் வழியாக இந்த வேலை வந்தது. முடிந்த படம் 1881ஆம் ஆண்டு சலோனில் வைக்கப்பட்டது. ஆக, பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியும்படியும் சலோனின் நடுவர்கள் முகம் சுளிக்காதபடியும் முகம் அமைய வேண்டியிருந்தது. இருந்தாலும் அவர் மனமின்றிச் செய்த வேலை இது என்று என்னால் நம்ப முடியவில்லை. வேண்டாவெறுப்பாகச் செய்பவர் அந்தக் கூந்தலை அப்படித் தீட்ட மாட்டார்.

---

மறுமொழி 2: எழுதியவர் நீலச்சாய்வு

ஆளிவிதை ஐயாவின் விளக்கத்தில் தளங்கள் பற்றிய பகுதி எனக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன்.

குழந்தையின் முகத்தைத் தனியாகப் பிரித்துப் பளபளப்பாக்க வேண்டிய தேவை ஓவியத்துக்கு இல்லை என்பதற்கு, இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1878இல், அதே பாரிஸில் அமெரிக்க ஓவியர் மேரி கஸாட் தீட்டிய நீல நாற்காலிச் சிறுமி சான்றாக நிற்கிறாள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தில் அது இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் டெகாவின் நண்பர் ஒருவரின் குழந்தை, பெரிய நீல நாற்காலியில் சரிந்து, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் போட்டு, கால்களை அகட்டி, அலுத்துப்போய்க் கிடக்கிறாள். பக்கத்து நாற்காலியில் ஒரு சிறு நாய் உறங்குகிறது. நாற்காலித் துணியைத் தீட்டிய அதே விறுவிறுப்பான கைதான் குழந்தையையும் தீட்டியிருக்கிறது. டெகா அதைப் பாராட்டியதோடு பின்னணியில் தாமே சிறிது வேலையும் செய்தார். அந்த ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அமெரிக்கப் பிரிவு அந்தப் படத்தை மறுத்துவிட்டது. கஸாட் அந்தக் கோபத்தை 25 ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதத்திலும் மறக்கவில்லை.

இரேனை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவள் பெரியவர்கள் பார்ப்பதற்காகத் தலைவாரி, நாடா கட்டி, கையைக் கட்டி உட்கார வைக்கப்பட்டவள். படம் அழகானது, அதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் கஸாட் குழந்தையைக் குழந்தையாக விட்டார், ரெனுவார் விடவில்லை. வழவழப்புக்குக் காரணம் எலும்போ தோட்டத்து ஒளியோ அன்று, கண்ணியமான குடும்பத்துப் பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் என்பது என் எண்ணம்.

---

மறுமொழி 3: எழுதியவர் லிம்மத்கரை

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 30 வருடத்துக்கு மேலாகச் சூரிச்சில் வாழ்கிறேன். இந்தப் படம் இங்கே கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. எமில் பூர்லே என்பவர் சேர்த்த ஓவியங்களான பூர்லே சேகரிப்பு நீண்டகாலக் கடனாக அங்கே வைக்கப்பட்டு, 2021இல் திறந்த புதிய கட்டடத்தில் காட்டப்படுகிறது. நான் அதன் முன்னால் பலமுறை நின்றிருக்கிறேன். முன்பு இந்தச் சேகரிப்பு நகரத்தில் ஒரு தனி வீட்டில் இருந்தபோதும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். ஓவியப் பயிற்சி எனக்கு இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

முகத்தில் தூரிகையின் சுவடு உண்டு. ஒரு முழத் தூரத்தில் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். முகம் முழுவதும் மெல்லிய, கிட்டத்தட்ட மயிரிழை போன்ற கோடுகள் வளைவைத் தொடர்ந்து ஓடுகின்றன. மடியிலுள்ள கைகளைப் பார்க்க வேண்டும். அச்சில் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை. விரல்கள் பாதிதான் முடிக்கப்பட்டிருக்கின்றன. உடையின் வெண்மைக்குள் அவை கரைந்தே போகின்றன. முகத்திலிருந்து கண் கீழே இறங்க இறங்க ஓவியர் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டே வருவது போலிருக்கும். முகம் ஒரு முறை, மற்றதெல்லாம் வேறு முறை என்று நடுவே கோடு கிழிக்க முடியாது. படிப்படியாகத்தான் மாறுகிறது. நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்திலேயே அது ஆரம்பமாகிவிடுகிறது.

என்னை அந்தப் படத்தின் முன்னால் அதிக நேரம் நிறுத்துவது, அந்தக் குழந்தைக்கும் அந்தக் கித்தானுக்கும் பிறகு நேர்ந்தவை. இரேன் 19 வயதில் மோயீஸ் தெ காமொந்தோ என்ற இன்னொரு யூத வங்கியாளரை மணந்தார். நிஸீம் என்ற மகனும் பெயாட்ரிஸ் என்ற மகளும் பிறந்தார்கள். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. பிறகு அவர் கத்தோலிக்கராகி ஓர் இத்தாலியப் பிரபுவை மணந்துகொண்டார். நிஸீம் முதல் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி 1917இல் கொல்லப்பட்டார். தந்தை தன் வீட்டையும் அதிலிருந்த 18ஆம் நூற்றாண்டுக் கலைப்பொருள்கள் அனைத்தையும் மகனின் பெயரால் நாட்டுக்கு எழுதிவைத்தார். பாரிஸில் அது இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்த உருவப்படம் மகள் பெயாட்ரிஸிடம் இருந்தது. போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகச் சாம்போர் கோட்டையில் வைத்திருந்ததை நாஜிகள் 1941இல் பறித்துக்கொண்டார்கள். அது நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் கைக்குப் போனது. பெயாட்ரிஸும் அவருடைய கணவரும் இரு பிள்ளைகளும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். இரேனின் தங்கை எலிஸபெத்தும் 1944இல் அங்கே அனுப்பப்பட்டு மாண்டார். ரெனுவார் 1881இல் தீட்டிய ‘இளஞ்சிவப்பும் நீலமும்’ என்ற படத்தில் தங்கை ஆலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு நீலப்பட்டி கட்டி நிற்பவர்தான் அந்த எலிஸபெத். அந்தப் படம் இப்போது பிரேசிலின் சாவ் பாலோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர் முடிந்து, ஜெர்மனியிலிருந்து மீட்கப்பட்ட ஓவியங்களை 1946இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது இந்தப் படமும் அங்கே இருந்தது. மகளின் உடைமை என்ற வகையில் அது இரேனிடமே வந்து சேர்ந்தது. 74 வயதில், மகளும் பேரப்பிள்ளைகளும் இல்லாத நிலையில், தன் 8 வயது முகத்தை அவர் திரும்பப் பெற்றார். 1949இல் அதை எமில் பூர்லேக்கு விற்றுவிட்டார். பூர்லே ஆயுத உற்பத்தியாளர். போரின்போது நாஜி ஜெர்மனிக்கும் ஆயுதம் விற்றவர். அவருடைய சேகரிப்பைப் பொதுக் கலைக்கூடத்தில் வைப்பது சரியா, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யாருடைய இழப்பு இருக்கிறது என்று இங்கே கடுமையான விவாதம் நடந்து வருகிறது. இந்தப் படம் உரியவரிடம் திரும்பக் கிடைத்து அவரே விற்றது. ஆனாலும் அதன் முன்னால் நிற்கிறபோது மனம் அமைதிகொள்வதில்லை.

வீட்டிலிருந்த படங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. என் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அதனால் ஒரு முகம் இத்தனை கைகள் மாறியும் அழியாமல் வந்து நிற்பதைப் பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

---

மறுமொழி 4: எழுதியவர் நீலச்சாய்வு

லிம்மத்கரை அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். கைகள் கரைந்துபோவதைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. என்னிடமுள்ள அச்சில் இப்போது பார்க்கிறேன், அப்படித்தான் இருக்கிறது. கட்டி உட்கார வைக்கப்பட்ட கைகள் என்று நான் எழுதியது மேலோட்டமானது.

வரலாற்றைக் குறித்து மட்டும் ஒரு வேண்டுகோள். அந்தக் கண்களில் பின்னாளைய துயரத்தின் முன்நிழல் தெரிகிறது என்று எழுதுபவர்கள் பலர். 1880இல் அந்தக் குழந்தைக்கு எதுவும் தெரியாது, ரெனுவாருக்கும் தெரியாது. அங்கே அமர்ந்திருப்பது நீண்ட நேரம் அசையாமல் இருக்கச் சொன்னதால் எண்ணம் எங்கோ போய்விட்ட ஒரு சிறுமி. அவளுடைய அந்த நாளை அவளுக்கே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

---

மறுமொழி 5: எழுதியவர் லிம்மத்கரை

உடன்படுகிறேன். கண்ணில் துயரம் இருப்பதாக நான் எண்ணவில்லை. துயரம் கித்தானின் பின்பக்கத்தில், அது கடந்து வந்த கைகளின் பட்டியலில் இருக்கிறது. முன்பக்கம் இரேனுடையதுதான்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ரெனுவாருக்கு மனக்கசப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தந்த 1,500 பிராங்க் குறித்து அவர் ஒரு கடிதத்தில் கசந்து எழுதியிருக்கிறார். அவ்வளவு கஞ்சர்களைக் கண்டதில்லை என்ற பொருளில். பெற்றோரை நிறைவுசெய்யத் தன்னை வளைத்துக்கொண்டார் என்றால், அது பலிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

---

மறுமொழி 6: எழுதியவர் கித்தான்முனை

அனைவருக்கும் நன்றி. இத்தனை பொறுமையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஆளிவிதை ஐயா சொன்னபடி அச்சுப்படத்தைக் கைபேசியில் படம் பிடித்துக் கறுப்பு-வெள்ளையாக்கினேன். என் பிரதியையும் அப்படியே ஆக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நான் மூக்கின் ஓரத்திலும் மோவாய்க்கு அடியிலும் வைத்திருந்த நிழல், பின்னணி இலையின் கருமைக்கு நெருங்கி வந்திருந்தது. இத்தனை நாள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

பிறகு என் மகளை உட்கார வைத்தேன். அவளுக்கும் 8 வயதுதான் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குப் பின்கட்டு முற்றத்தில், வேப்ப மரத்து நிழலில், ஒரு முக்காலிபோட்டு அமரச் சொன்னேன். பத்து நிமிடம் சிரித்தாள், நெளிந்தாள், தண்ணீர் கேட்டாள். அதன்பின் ஒரு கட்டத்தில் மதில்மேல் அணில் ஏதோ செய்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி அப்படியே அமைதியாகிவிட்டாள். உதடு லேசாகப் பிரிந்தது. கண் விரிந்திருந்தாலும் என்னைப் பார்க்கவில்லை. படத்திலுள்ள அதே பார்வை. நான் மூன்று மாதமாக அதைச் சோகம் என்று எண்ணித் தீட்டிக்கொண்டிருந்தேன். புருவத்தின் உள்முனையைச் சற்று மேலே தூக்கிக்கூட விட்டிருந்தேன். மூலத்தில் அப்படி இல்லை, புருவம் தளர்ந்து நேராகவே இருக்கிறது. நீலச்சாய்வு அவர்களின் பதிவைப் படிக்கும் முன்பே அதை மாற்றிவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

என் மகளின் கன்னத்தில் வேப்பிலையின் பச்சை விழுந்ததை அன்றுதான் கண்டேன். எட்டு வருடமாகத் தினமும் பார்க்கும் முகம் அது.

ஐயாவிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி. கன்னமும் கூந்தலும் சந்திக்கும் விளிம்பு இன்னமும் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கிறது. அதை எப்படிக் குழைப்பது?

---

மறுமொழி 7: எழுதியவர் ஆளிவிதை

குழைக்க வேண்டாம் அம்மா. குழைத்தால் விளிம்பு அழுக்காகும், மென்மையாகாது.

முகமும் கூந்தலும் ஒரே நாளில், இரண்டும் ஈரமாக இருக்கும்போது தீட்டப்பட வேண்டும். நீங்கள் கூந்தலை முதலில் முடித்துக் காயவிட்டிருக்கிறீர்கள், அதனால்தான் ஒட்டிவைத்தது போலிருக்கிறது. கூந்தலில் காதோரம் மூன்று விரற்கடை அகலத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கன்னத்தின் நிறத்தையே கூந்தலுக்குள் சிறிது தள்ளிப் பூசுங்கள். அதன்மேல், ஈரம் இருக்கும்போதே, சுத்தமான மென்மயிர்த் தூரிகையில் செம்பழுப்பைச் சிறிதளவு மட்டும் எடுத்து, நெற்றிப்பொட்டிலிருந்து கீழ்நோக்கி முடி விழும் திசையில் ஒரே இழுப்பாக இழுங்கள். தூரிகை போகப்போகக் கன்னத்து நிறத்தையும் தன்னோடு எடுத்துக்கொள்ளும்; விளிம்பு தானாகத் தொலையும். ஓர் இழுப்புக்குப் பிறகு தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டாம் முறை அதே இடத்தைத் தொடாதீர்கள்.

எல்லா இடத்திலும் விளிம்பைத் தொலைக்கவும் வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து மேலுதடு வரைக்கும் அந்தக் கோடு கரும்பச்சைக்கு எதிரே தெளிவாக நிற்கட்டும். மகளை மறுபடி அதே மாலை நேரத்தில் அமர வைக்க முடிந்தால், அச்சுப்படத்தை உள்ளே வைத்துவிட்டு அவளைப் பார்த்தே அந்த இடத்தைத் தீட்டிப் பாருங்கள்.